நூற்றைம்பதில் நாற்பத்தேழு

திண்டுக்கல்லில் சூசைராஜின் பிரேம் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தொங்கும் முருகனும் மாதாவும் கல்யாண ஜோடிகளும்தான் அடையாளம். வருகிறவர்களில் பாதிப் பேர் துக்க வீட்டுக்காரர்கள். ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தைப் பெரிதாக்கி, பதினாறாம் நாளுக்குள் சட்டம் போட்டுத் தரச் சொல்வார்கள். அவர்களிடம் மட்டும் சூசைராஜ் ஒருநாளும் நாளைக்கு வா என்று தவணை சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்வார்.

2004ஆம் வருடம் ஆடி மாதம் ராமர் என்பவர் ஒரு படத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். கொடைக்கானலில் வீடு காலி செய்கிறவர்களிடம் பழைய சாமான் வாங்கி வத்தலக்குண்டில் விற்பது அவர் தொழில். கண்ணாடி மூலையில் உடைந்திருந்தது. சட்டம் நல்ல தேக்கு.

"உள்ள இருக்கத தூக்கிப் போட்டுட்டு ஒரு பழனியாண்டவரைப் போட்டுக் குடுங்கண்ணே. இந்தச் சட்டத்துக்கு உடனே வித்துரும்" என்றார் ராமர்.

பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை எடுத்து, சூசைராஜ் உள்ளே இருந்த தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பெண். கோடு போட்ட கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பக்கவாட்டில் நின்றாள். முகம் பாதிதான் தெரிந்தது. காதிலிருந்து நீலக்கல் ஒன்று சரமாக இறங்கியது. தாளில் மற்றதெல்லாம் மண் நிறமும் கரி நிறமும்தான். அந்தக் கல் மட்டும் மழை விட்ட பிறகு வானம் வெளுக்குமே, அந்த நிறம். படத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கையெழுத்தும், 47/150 என்ற எண்ணும் இருந்தன.

சூசைராஜ் அன்றுவரை ஆயிரக்கணக்கான படங்களுக்குக் கண்ணாடி போட்டவர். ஒரு படத்தையும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு ராமரிடம், "படத்தை நான் வச்சுக்கிறேன். சட்டக் கூலி வேணாம்" என்றார். ராமருக்கு அதில் சந்தோஷம்தான்.

அட்டையின் உள்பக்கத்தில் ஒரு காகித உறை ஒட்டியிருந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். சாயங்காலம் வீட்டில் மனைவி ஆனந்தியிடம் காட்டினார். ஆனந்தி ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆங்கிலம் அவளுக்குப் பழக்கம். காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வாசித்துச் சொன்னாள்.

அமெரிக்காவின் வறண்ட பகுதியில் நவஹோ என்று ஒரு ஆதிக்குடி இருக்கிறது. ஆடு மேய்ப்பார்கள், கம்பளி நெய்வார்கள், வெள்ளியில் நீலக்கல் பதித்து நகை செய்வார்கள். அந்தப் பெண்களை ஒரு ஓவியர் ஐந்து படங்களாகக் கல்லில் வரைந்து, கல்லிலிருந்து தாளுக்கு அச்செடுத்திருக்கிறார். அந்த முறைக்கு லித்தோ என்று பெயர். ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது பிரதி. இது நாற்பத்தேழாவது. நூற்றைம்பதும் எடுத்து முடித்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிட்டார்கள்.

"அழிச்சுட்டாங்களா?" என்று கேட்டார் சூசைராஜ். லித்தோ என்ற சொல்லைக் காலண்டர் அடிக்கும் அச்சகங்களின் பெயரில் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் நல்லா வந்த ஒரு படத்தை, இனி வரவே கூடாது என்று யாராவது அழிப்பார்களா என்பது அவருக்குப் புரியவில்லை.

"அப்படித்தான் போட்டிருக்கு. இனிமே யாரு கேட்டாலும் கெடையாது."

"இந்தப் பொம்பளை திரும்ப வரவே மாட்டா."

"அதான் நம்ம வீட்டுக்கு வந்துட்டாள்ல" என்றாள் ஆனந்தி.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் அதை மாட்டினார். துக்க வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து, "இந்தம்மா எப்பத் தவறுனாங்க?" என்று கேட்டார்கள். ஒருமுறை யாரோ ஒரு முழம் பூவைச் சட்டத்தில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். சூசைராஜ் அதை எடுக்காமல், வாடும்வரை விட்டுவைத்தார்.

ஐந்து படம் என்று தெரிந்த பிறகு ஒன்றோடு இருக்க அவரால் முடியவில்லை. ராமரிடம் துருவித் துருவி விசாரித்தார். மலையில் முப்பது வருடம் பாடம் சொன்ன மார்த்தா என்ற அமெரிக்க டீச்சரின் வீட்டிலிருந்து வந்த படம் அது. ஊருக்குத் திரும்பும்போது டீச்சர் தோட்டக்காரருக்குக் கொடுத்தார், தோட்டக்காரர் ராமரிடம் விற்றார். அதற்கு மேல் ராமருக்குத் தெரியாது.

இரண்டாவது படம் தானாக எதிரில் வந்து நின்றது. மூன்று வருடம் கழித்துப் பழனியில் ஒரு லாட்ஜுக்கு அறை எண்ணிக்கைப்படி முருகன் படங்கள் கொண்டுபோயிருந்தார். சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில், தறிக்கு முன்னால் உட்கார்ந்து நெய்கிற ஒரு பெண். மணிக்கட்டில் அகலமான வெள்ளிக் காப்பு, அதில் அதே நீலக்கல். சூசைராஜ் கிட்டே போய் அடியில் பார்த்தார். 47/150.

லாட்ஜ்காரர் பாண்டியராஜின் தம்பி டீச்சரிடம் கார் ஓட்டியவராம். "ஏனுங்க, அது வேணுமுங்களா? எடுத்துட்டுப் போங்க. வர்றவங்கல்லாம் இது எந்தச் சாமின்னு கேட்டுக் கேட்டு, எனக்குப் பதில் சொல்லி முடியலீங்க" என்றார் பாண்டியராஜ். மூன்றடி உயரத்தில் ஒரு ராஜ அலங்கார முருகன் படம் கொடுத்து சூசைராஜ் அதை வாங்கிக்கொண்டார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகளோடு ஏறியவர்களிடம், "செத்த தள்ளி வைங்கப்பா, கண்ணாடி" என்று சொல்லியபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் ஆனந்தி டீச்சருக்குக் கடிதம் எழுதினாள். ஆபீசில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து டைப் அடித்து, டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அவர்கள் அதை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வெறும் கடிதமாக அல்ல, நீளமான ஓர் அட்டைக் குழாயாக.

குழாயில் மூன்றாவது படம் இருந்தது. ஒரு தாய் தன் மகளின் கூந்தலைச் சேர்த்துப் பிடித்து முடிகிறாள். மகள் வலியில் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆனந்தி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அவர்கள் மகள் இளவேனில் பள்ளிக்கூடம் போகும் காலையெல்லாம் அந்த வீட்டில் அதே முகம்தான்.

டீச்சர் இப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார். கூட இருந்த கடிதத்தில், தான் நவஹோ நாட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் வளர்ந்ததாகவும், அந்தப் பெண்கள் தன் அம்மா நர்சாக இருந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்றும் எழுதியிருந்தார். "அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஓவியர் அதை எங்கும் எழுதவில்லை. எனக்கு அது மட்டும்தான் குறை" என்று ஒரு வரி. ஐந்து படங்களையும் ஒரே எண்ணாகப் பார்த்து வாங்கியவர், வயதான பிறகு அவற்றைப் பிரித்துக் கொடுத்திருந்தார். தோட்டக்காரருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, வத்தலக்குண்டில் இருந்த ஒரு டாக்டரம்மாவுக்கு ஒன்று, சமையல் செய்த அய்யம்மாளுக்கு ஒன்று. தன்னோடு எடுத்துப்போனதை இப்போது அனுப்பியிருந்தார். பஞ்சில் சுற்றி, அதே நீலக்கல் பதித்த ஒரு வெள்ளி மோதிரமும் இருந்தது. ஆனந்திக்கு என்று சீட்டில் எழுதியிருந்தது.

மோதிரத்தைக் கல் பதிக்கும் இஷாக் பாயிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணில் லென்சை வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபிரோசா. அசல். எங்க அத்தா கையில ஒண்ணு கெடந்துச்சு" என்றார். "இப்ப வர்றதெல்லாம் சாயம் போட்ட கல்லு. இது உடம்புச் சூட்டையும் எண்ணெயையும் குடிச்சுக் குடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா நிறம் மாறும். போட்டிருக்கவங்க மாதிரி ஆயிரும்."

ஆனந்தி அன்றே போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா இறந்துபோயிருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்க ஆள் கிடைத்து உள்ளே போனபோது, படம் அலமாரிக்குப் பின்னால் சரிந்து கிடந்தது. கீழ்ப் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஒரு பெண்ணின் முகமும் தோளும் தோளில் வழியும் மணிச்சரமும் மிச்சம். எண் இருந்த இடமே இல்லை. சூசைராஜ் மண்ணைத் தூரிகையால் தட்டித் தட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு முழுத் தாளின் மேல் வைத்து, முழு அளவுக்கே சட்டம் போட்டார். கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. பாதிக்குத் தகுந்த சின்னச் சட்டம் போட அவருக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவதுதான் அவரைப் படுத்தியது.

அய்யம்மாள் நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் மகனோடு இருந்தாள். முக்கால் ஏக்கர் மல்லிகை. விடியுமுன் பூப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டால் பகலில் வீட்டில்தான் இருப்பாள். படம் அவள் வீட்டு முன்னறையில், சாமி படங்களின் வரிசையில் தொங்கியது. இந்தப் பெண் நேராகப் பார்க்கிறாள். கழுத்தில் கனமான நீலக்கல் மாலை. சிரிக்கப் போகிறாளா, போகிறவர்களைக் கூப்பிடப் போகிறாளா என்று சொல்ல முடியாத வாய். ஐந்திலும் இதுதான் அழகு என்று சூசைராஜுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம் இருந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றாள் அய்யம்மாள். கோபமில்லை. "டீச்சரம்மா குடுத்தது."

மூன்று வருடத்தில் ஏழு தடவை போனார். வேறு பெரிய படம் தருகிறேன் என்றார், சீர்வரிசைப் பாத்திரம் என்றார், பணம் என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் மோர் கொடுத்து அனுப்பினாள். எட்டாவது தடவை சூசைராஜ் வேறு மாதிரி பேசினார்.

"சட்டம் உளுத்திருக்கும்மா. கரையான் ஏறுனா ஒரே மாசத்துல போயிரும். குடுங்க, புதுசா போட்டுக் கொண்டாரேன். காசு வேணாம்."

அய்யம்மாள் யோசித்தாள். பிறகு குங்குமத்தைத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். "பத்திரம்" என்றாள்.

சட்டம் உளுத்திருந்தது உண்மைதான். ஆனால் சூசைராஜ் அதோடு நிற்கவில்லை. மதுரைக்குப் போய், ஒரு கடையில் படத்தை ஸ்கேன் செய்து, தடித்த தாளில் அதே அளவுக்கு ஒரு நகல் எடுத்தார். நீலம்கூடப் பிசகாமல் வந்தது. கையெழுத்தும் எண்ணும் அச்சில் மழுங்கலாக விழுந்திருந்ததால், பென்சிலைச் சீவி அதன் மேலேயே 47/150 என்று தன் கையால் எழுதினார். இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்தார்.

காலையில் ஆனந்தி ஆபீசுக்குக் கிளம்பி வந்தவள், இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதைக் கொண்டு போகப் போறீங்க?"

சூசைராஜ் செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்தார்.

ஆனந்தி விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "இதையும் கொண்டுபோய் இஷாக் பாய்கிட்ட குடுங்க. பிளாஸ்டிக்ல இதே மாதிரி ஒண்ணு செஞ்சு எனக்குப் போட்டு விடுங்க. எனக்கும்தான் வித்தியாசம் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்கச் சூசைராஜ் கடை திறக்கவில்லை. மேசையில் இருந்த இரண்டு பெண்களும் ஒரே மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு நிலக்கோட்டை பஸ் ஏறினார். அய்யம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சூசைராஜ் இரண்டு படத்தையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, செய்ததை ஒளிக்காமல் சொன்னார். அய்யம்மாள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து இரண்டையும் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டம்தான் இருக்கு" என்றாள். "எதைக் குடுக்க ஒங்களுக்கு மனசில்லையோ, அதைக் குடுத்துட்டுப் போங்க."

அவர் கொடுத்தார். அவளே ஆணியில் மாட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். அன்று மோர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சூசைராஜ் நகலைச் சட்டத்திலிருந்து பிரித்து, பென்சிலால் எழுதியதை ரப்பரால் அழித்தார். தாளைச் சுருட்டிப் பரண் மேல் போட்டார். மேசை மேல் மோதிரம் இல்லை. சமையலறையில் ஆனந்தி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். விரலில் மோதிரம் இருந்தது.

கடையில் இருந்த நான்கு படங்களையும் வீட்டுக் கூடத்துக்கு மாற்றினார். அந்த வருடத்துக்குப் பிறகு நவஹோ படம் எதையும் அவர் தேடவில்லை. இளவேனில் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு, "அப்பா, இண்டர்நெட்ல அந்த அஞ்சாவது படம் வேற நம்பர்ல விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்டாள். "வேணாம்மா" என்றார். காரணம் கேட்டதற்கு, "அது அய்யம்மா வீட்ல இருக்கு" என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நிலக்கோட்டை போன ஆனந்தி, யாரிடமும் சொல்லாமல் அய்யம்மாள் வீட்டுக்குப் போனாள். வரும்போது அவள் தலையில் ஒரு பந்து மல்லிகை இருந்தது. அதற்குப் பிறகு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போய்வந்தாள். "அய்யம்மாக்கா" என்று பேச்சில் அந்தப் பெயர் வர ஆரம்பித்தது. ஒருநாள், "அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சு. பூவைத் தொட்டுத்தான் பறிக்கிறாங்க" என்றாள்.

2023ஆம் வருடம் மாசி மாதம் ஆனந்தியே எல்லாம் ஏற்பாடு செய்து, கண்புரை ஆபரேஷனுக்காக அய்யம்மாளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்தாள். முதல் நாளே வந்து வீட்டில் தங்கினாள். அவள் ஆட்டோவில் வந்து இறங்கும்போது சூசைராஜ் வாசலில் நின்றிருந்தார். பத்து வருடமாகிவிட்டது. "வாங்கம்மா" என்று பையை வாங்கிக்கொண்டார். அவளும், "இருக்கீங்களா" என்றாள்.

கூடத்துக்குள் வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஏ போத்திக்கிட்டவளே, நீ இங்கயா இருக்க" என்றாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். "தறிக்காரி." தாயும் மகளும் இருந்த படத்தைத் தொட்டு, "சடைக்காரிக ரெண்டு பேரு" என்றாள்.

சூசைராஜும் ஆனந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருபத்திரெண்டு வருசம் நாந்தான தூசி தட்டுனேன்" என்றாள் அய்யம்மாள். "டீச்சரம்மா பள்ளியோடத்துக்குப் போயிட்டா அம்புட்டுப் பெரிய வீட்ல நானும் இவளுகளும்தான். பேரு வைக்காட்டி எப்படிப் பேசுறது? எங்கிட்ட இருக்கவ மூத்தவ. போகும்போது எது வேணும்னு டீச்சரம்மா கேட்டாங்க. மூத்தவளைக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன்."

பாதிப் படத்துக்கு முன்னால் வந்ததும் அவள் முகம் மாறியது. விரலால் வெள்ளைத் தாளைத் தடவினாள். "அடியே. கதிரு எங்கடி?"

"கரையான் தின்னுருச்சும்மா" என்றார் சூசைராஜ். "கீழ என்ன இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

"சோளக்கதிரு. மக்காச்சோளம். ரெண்டு கையிலயும் அள்ளி இப்படி மடியில வச்சிருப்பா." அய்யம்மாள் தரையில் உட்கார்ந்து, முந்தானையைக் குவித்து, இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக் காட்டினாள். "ஒரு கதிரு மட்டும் கீழ விழுந்து கெடக்கும். அதை எடுக்கலையேன்னு எனக்குத் தெனமும் தோணும்."

அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைச் சூசைராஜ் வெகுநேரம் பார்த்தார். பதிமூன்று வருடமாக வெள்ளையாகவே பார்த்துப் பழகிய இடத்தில் அவருக்கு முதல் முறையாகக் கைகள் தெரிந்தன. பிறகு அவளுக்கு எதிரில் தானும் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தார்.

"அதைத்தான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே" என்றாள் அய்யம்மாள். "வரிசையைத் தப்பா மாட்டியிருக்கீங்க. தறிக்காரி சன்னல் பக்கத்துல இருக்கணும். அவளுக்கு வெளிச்சம் வேணும்ல."

சூசைராஜ் எழுந்து சுத்தியலை எடுத்தார். அவள் சொல்லச் சொல்லப் படங்களை இடம் மாற்றினார். சடைக்காரிகளுக்கும் கதிர்க்காரிக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காட்டி, "டீச்சரம்மா வீட்ல இது மூத்தவ இருந்த எடம்" என்றாள். அங்கே ஆணி வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார். ஆனந்தி சோறு போட்டாள். கத்தரிக்காய் வெஞ்சனம் நல்லா இருக்கிறது என்று அய்யம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். சொட்டு மருந்து போடும் முறையை ஆனந்தி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மகன் வந்து கறுப்புக் கண்ணாடியோடு ஊருக்குக் கூட்டிப்போனான்.

சாயங்காலம் ஆனந்தியின் போன் அடித்தது. "அவரைக் கூப்பிடு தாயி" என்றாள் அய்யம்மாள். ஆனந்தி போனைச் சூசைராஜிடம் கொடுத்தாள்.

"சொல்லுங்கம்மா. கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணு கெடக்கட்டும். மூத்தவ கழுத்துல கெடக்குறது என்ன நெறம்?"

"நீலம்மா."

"நான் பச்சைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன் இம்புட்டு நாளா. கண்ணு மங்க மங்கக் கொஞ்சம் கொஞ்சமா பச்சையாயிருச்சு போல, நானும் கவனிக்கலை." போனில் அவள் நடக்கும் காலடி கேட்டது. அவள் மறுபடி படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள் என்று சூசைராஜுக்குத் தெரிந்தது. "என்னா நீலம்" என்றாள். "நீங்க ஏன் அம்புட்டு அலைஞ்சீங்கன்னு இப்பத்தான் தெரியுது. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. வந்து பாத்துட்டுப் போங்க."

"வாரோம்மா" என்றார் சூசைராஜ்.